மெமோவுக்கும் ஒரு வரலாறு உண்டு

இந்த எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியில் இருந்து தொடங்குது. திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் மேனேஜரா இருக்கிறவர் அவர். கேட்டது இதுதான்: "சார், ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கணும்னா சட்டப்படி எத்தனை மெமோ கொடுக்கணும்? மூணு போதுமா?"

மூணு. இந்த எண்ணை நான் முப்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். மூணு மெமோ கொடுத்தாச்சுன்னா ஆளை அனுப்பிடலாம்னு மேனேஜர்களும் நம்புறாங்க, தொழிலாளர்களும் நம்புறாங்க. எந்தச் சட்டத்தில் இருக்குன்னு தேடிப் பார்த்தீங்கன்னா, எதிலும் இல்லை. திருட்டு மாதிரி பெரிய குற்றம் என்றால் அதுக்கு முன்னால் ஒரு மெமோகூட இருந்திருக்க வேண்டியதில்லை. அதே சமயம் முப்பது மெமோ கொடுத்திருந்தாலும், முறையான விசாரணை நடத்தாமல் வெளியே அனுப்பினால் அது லேபர் கோர்ட்டில் நிற்பது கஷ்டம்.

அப்போ சட்டம் என்னதான் கேட்குது? அதுக்குப் பதில் சொல்லணும்னா இந்தக் காகிதம் எங்கிருந்து வந்ததுன்னு சொல்லணும். இன்றைக்கு மேனேஜர்கள் "இந்த டாக்குமெண்டேஷன் தொல்லை தாங்கல" என்று புலம்புறாங்க இல்லையா, அந்தத் தொல்லையில் பாதி தொழிலாளர்கள் கேட்டு வாங்கினது. அதையும் சொல்றேன். கடைசியில் என் சொந்தக் கதை ஒன்றும் இருக்கு. பெருமைப்படுற கதை இல்லை.

முதல்ல ஸ்காட்லாந்துக்குப் போவோம். கிளைட் ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்று ஒரு ஊர். ஊர் என்றால் ஒரு பருத்தி மில்லும் அதைச் சுற்றி மில்காரர்களின் வீடுகளும்தான். 1800இல் அந்த மில்லின் நிர்வாகத்தை ராபர்ட் ஓவன் எடுத்துக்கிட்டார். வயசு முப்பதுகூட ஆகலை. மில்லை உருவாக்கிய டேவிட் டேலின் மருமகன். பிற்காலத்தில் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடின்னு நாம படிக்கிற அதே ஓவன்தான்.

அந்தக் காலத்து மில்களில் ஒழுங்கு நடவடிக்கை என்றால் அடி, வசவு, அபராதம், வெளியே அனுப்புறது. ஓவனுக்கு அடிக்கிறது பிடிக்கலை. அவர் ஒரு மரக்கட்டை செய்யச் சொன்னார். ரெண்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம், நாலு பக்கம். ஒரு பக்கம் கருப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. ஒவ்வொரு தொழிலாளி வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டை தொங்கும். நேற்று அவர் நடந்துகொண்ட விதம் மோசம் என்றால் கருப்புப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைப்பாங்க. சுமார் என்றால் நீலம். நல்லது என்றால் மஞ்சள். ரொம்ப நல்லது என்றால் வெள்ளை. இதுக்கு அவர் வைத்த பெயர் 'மௌனக் கண்காணிப்பாளர்'.

ஓவன் மில்லுக்குள்ள நடந்து போவார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடி கட்டையைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆரம்பத்தில் எங்கே பார்த்தாலும் கருப்பு, கொஞ்சம் கொஞ்சமா கருப்பு குறைந்து நீலம், மஞ்சள் என்று மாறியது, கடைசியில் கொஞ்சம் வெள்ளையும் வந்ததுன்னு 1857இல் வந்த தன் சுயசரிதையில் அவரே எழுதறார். அவரே சொல்றதுதான், அதனால கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துக் கேட்டுக்கோங்க.

எனக்கு இதில் கட்டையைவிட சுவாரசியமான விஷயம் பின்னால் இருந்த நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு 'நடத்தைப் புத்தகம்'. தினமும் இந்த நிறத்தை எண்ணா மாற்றி, ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா எழுதி, பத்திரமா வைப்பாங்க. இன்னொன்று: மேற்பார்வையாளர் தப்பா நிறம் போட்டுட்டார்னு நினைச்சா, தொழிலாளி நேரா ஓவனிடம் போய் முறையிடலாம். பாருங்க, ஒரு பதிவு, அதைத் தொழிலாளியே கண்ணால் பார்க்க முடியும், ஒத்துக்கலைன்னா மேல்முறையீடு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அந்தப் புத்தகத்தில் நிறம்தான் இருக்கு. அவர் என்ன செய்தார்னு இல்லை. செவ்வாய்க்கிழமை கருப்பு. சரி, ஏன் கருப்பு? லேட்டா வந்தாரா, நூலைப் பாழாக்கினாரா, மேற்பார்வையாளரை முறைச்சாரா? பத்து வருஷம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் நான் பார்க்கிற மெமோக்களில் முக்கால்வாசி இந்தக் கருப்புக் கட்டைதான். "தங்களது நடத்தை திருப்திகரமாக இல்லை." "தங்களது போக்கு நிர்வாகத்துக்கு அதிருப்தி அளிக்கிறது." இது நிறம். சம்பவம் இல்லை.

இப்போ நூறு வருஷம் தாண்டி சென்னைக்கு வருவோம். அதே பருத்தி, அதே நூல், முதலாளியும் வெள்ளைக்காரர்தான். பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில்லும் கர்நாட்டிக் மில்லும். அங்கே ஓவனும் இல்லை, கட்டையும் இல்லை, மேஸ்திரி இருந்தார்.

அந்தக் காலத்து மில்களில் மேஸ்திரி யாருன்னு இன்றைக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். வேலைக்கு ஆள் பிடிச்சுக் கொண்டுவர்றவர், வேலை வாங்குறவர், லீவு கிடைக்குமா கிடைக்காதான்னு முடிவு செய்ய வைக்கிறவர், பிடிக்கலைன்னா வெளியே அனுப்ப வைக்கிறவர், எல்லாம் ஒருத்தரே. காகிதம் எதுவும் கிடையாது. "நாளையிலிருந்து வராதே." அவ்வளவுதான். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு முயற்சியில் தொடங்கி, பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்த சங்கம். அங்கே வந்த குறைகளில் கூலியும் சாப்பாட்டு நேரமும் மட்டும் இல்லை. மேலதிகாரிகள் நடத்துற விதமும் இருந்தது. மரியாதையும் கோரிக்கைதான்.

1929இல் ஜே.எச்.விட்லி தலைமையில் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அமைந்து, 1931இல் அறிக்கை கொடுத்தது. வேலைக்கு எடுக்கிறதையும் அனுப்புறதையும் மேஸ்திரி கையில் இருந்து பிடுங்கணும், அதுக்குன்னு லேபர் ஆபீசர் என்று தனியா ஒரு அதிகாரி இருக்கணும், அவரைக் கேட்காமல் யாரையும் அனுப்பக் கூடாது என்றது கமிஷன். இன்றைக்கு ஹெச்.ஆர். என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு தாத்தா அவர்தான். ஆளைத் தூக்குறதுக்கு வந்தவர் இல்லை, தூக்குற கையைப் பிடிக்கிறதுக்கு வந்தவர்.

அதே அறிக்கை அபராதத்தையும் கட்டுப்படுத்தச் சொன்னது. அதன் தொடர்ச்சியா 1936இல் ஊதியம் வழங்கல் சட்டம் வந்தது. அன்றைக்கு இருந்த வடிவில் அதன் எட்டாவது பிரிவை நான் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன். எந்தெந்தச் செயலுக்கு அபராதம்னு முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டியிருக்கணும். அபராதம் போடுறதுக்கு முன்னால் அவர் என்ன சொல்றார்னு கேட்கணும். ஒரு மாசத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் ரூபாய்க்கு அரை அணாவைத் தாண்டக் கூடாது. 15 வயசு ஆகாதவங்களுக்கு அபராதமே கூடாது. 60 நாளுக்குள் பிடிக்கலைன்னா பிறகு பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு அபராதத்தையும் ஒரு ரிஜிஸ்தரில் எழுதணும். வசூலான பணம் முதலாளி பைக்குப் போகக் கூடாது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாகணும்.

கடைசி வரியைக் கவனிங்க. தண்டனையில் முதலாளிக்கு லாபம் இருக்கக் கூடாதுன்னு சட்டம் நினைச்சிருக்கு.

அடுத்தது 1946. நிலையாணைச் சட்டம். நாம 'ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்' என்று சொல்றது. நூறு பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யற தொழிற்சாலை தன் விதிகளை எழுதி, அரசு அதிகாரியிடம் சான்று வாங்கி, வாசல் பக்கத்தில் தனிப் பலகையில் ஒட்டணும்னு அது சொன்னது. ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியற மொழியிலும். எது தப்புன்னு தெரியாமல் ஒருத்தருக்குத் தண்டனை கொடுக்கக் கூடாதுங்கிறது இதோட அடிப்படை.

இந்தச் சட்டத்தோடு வந்த மாதிரி நிலையாணைகளில் எதெல்லாம் ஒழுங்கீனம்னு ஒரு பட்டியல் உண்டு. மேலதிகாரி சொன்ன நியாயமான வேலையை வேணும்னே மறுக்கிறது, திருட்டு, மோசடி, லஞ்சம், பத்து நாளுக்கு மேல் சொல்லாமல் வராமல் இருக்கிறது, இப்படிப் போகும். அதில் சில வரிகளில் ஒரு சொல் வரும்: 'வழக்கமாக'. வழக்கமாகத் தாமதமாக வருவது. வழக்கமாகக் கவனக்குறைவாக இருப்பது. ஒரு நாள் லேட்டா வந்தா அது ஒழுங்கீனம் இல்லை, வழக்கமா வந்தாதான் ஒழுங்கீனம். வழக்கம்னு எப்படி நிரூபிப்பீங்க? முந்தைய தடவைகளில் எழுதிக் கொடுத்திருக்கணும். நம்ம மூணு மெமோ அநேகமா இங்கேதான் பிறந்திருக்கணும்னு என் ஊகம். ஒன்று தற்செயல், ரெண்டு சந்தேகம், மூணு வழக்கம்னு யாரோ ஒரு பழைய பர்சனல் ஆபீசர் கணக்குப் போட்டிருப்பார். அது கைப்பழக்கமா பரவி இன்றைக்குச் சட்டம் மாதிரி நிற்குது.

சட்டம் வந்துவிட்டது, சரி. நிர்வாகமே புகார் கொடுத்து, நிர்வாகமே விசாரித்து, நிர்வாகமே தண்டனை கொடுக்கிற உள்விசாரணையை யார் பார்க்கிறது? மறுபடியும் பெரம்பூர் மில்தான் இங்கே வருது. 1950களின் தொடக்கத்தில் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வழக்கு ஒன்றில், நிர்வாகத்தின் டிஸ்மிஸ் உத்தரவில் எப்போ தலையிடலாம்னு தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரையறுத்தது. இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே தடத்தில் போனது. நல்லெண்ணம் இல்லைன்னா, பழிவாங்கல்னா, இயற்கை நீதி மீறப்பட்டிருந்தா, கையில் இருக்கிற சாட்சியத்துக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லைன்னா, அப்போ தலையிடலாம்.

அப்புறம் 1963. சுர் எனாமல் வழக்கு. டொமெஸ்டிக் என்கொயரி நடத்துற யாரும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய தீர்ப்பு. அதில் நீதிமன்றம் கேட்டது ரொம்ப எளிமையானது. குற்றச்சாட்டு என்னன்னு அவருக்குத் தெளிவாச் சொன்னீங்களா? சாட்சிகளை அவர் முன்னாலேயே விசாரிச்சீங்களா? அவரைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டீங்களா? அவர் தரப்புச் சாட்சிகளையும், அவர் விரும்பினால் அவரையும் பேச விட்டீங்களா? முடிவுக்கு வந்த காரணத்தை அறிக்கையில் எழுதினீங்களா? ஓவனின் புத்தகத்தில் இல்லாதது இந்தக் கடைசி வரிதான்.

அதே காலகட்டத்தில் ஒரு மைசூர் அரசு ஊழியர் வழக்கில் இன்னொன்றும் சொன்னாங்க. பழைய தப்புகளையும் கணக்கில் எடுத்துத்தான் இந்தத் தண்டனைன்னா, அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லணும். ஃபைலுக்குள் இருக்கிற பழைய மெமோவைக் கடைசி நாளில் முயல் மாதிரி தொப்பியில் இருந்து எடுக்கக் கூடாது. 1971 டிசம்பரில் 11ஏ பிரிவு அமலுக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மாறியது. தப்பு உண்மைதான், ஆனால் தண்டனை ரொம்ப அதிகம்னு தோன்றினால் லேபர் கோர்ட்டே தண்டனையைக் குறைக்கலாம். இருபது வருஷம் சுத்தமான ரெக்கார்டு இருக்கிறவருக்கு அந்த ஃபைலே துணை.

ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் நின்று சொல்றேன். கோலார் தங்கவயல். நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையா இறங்கின சுரங்கம். அங்கே பாரத் கோல்டு மைன்ஸில் ஒரு பாதுகாப்பு அதிகாரி. 1985இல் அவர் வீட்டில் போலீஸ் சோதனை போட்டு, தங்கம் எடுத்தோம்னு வழக்குப் போட்டாங்க. மறுநாளே சஸ்பெண்ட். ஒரு பக்கம் கிரிமினல் வழக்கு, இன்னொரு பக்கம் உள்விசாரணை. சஸ்பென்ஷன் காலத்தில் கொடுக்க வேண்டிய பிழைப்பூதியம் அவருக்குக் கிடைக்கலை. கையில் காசில்லாமல் கேரளாவில் சொந்த ஊருக்குப் போயிட்டார், உடம்புக்கும் முடியலை. விசாரணையைத் தள்ளி வைக்கக் கேட்டார். வைக்கலை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்து, டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. அதுக்குப் பிறகு கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது, சோதனையே நிரூபிக்கப்படலைன்னு. 1999இல்தான் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. பதினாலு வருஷம்.

அந்த ஃபைலில் எல்லாக் காகிதமும் இருந்திருக்கும். சார்ஜ் ஷீட் இருந்திருக்கும், நோட்டீஸ் இருந்திருக்கும், தேதிகள் இருந்திருக்கும். விசாரணைக்கு வர்றதுக்கு அவர் கையில் பஸ் காசு இருந்ததான்னு மட்டும் யாரும் பார்க்கலை. தமிழ்நாட்டில் 1981 சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாள் தாண்டினால் முழுசு. விசாரணையை இழுத்தால் உங்களுக்கே செலவுன்னு சட்டம் மேனேஜரின் காதில் சொல்லுது.

திருப்பூர் நண்பருக்கு வர்றேன். உங்க யூனிட் சின்னது, நிலையாணை பொருந்தாமல்கூட இருக்கலாம். 2020இல் நிறைவேறின தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அந்த எல்லையை 300 பேர்னு உயர்த்தியிருக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 299 பேர் வேலை செய்யற இடத்தில் வாசல் பலகை எதுக்கு வேண்டாம்னு எனக்குப் புரியலை. எப்படி இருந்தாலும் எழுதுற முறை ஒன்றுதான். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், நீங்க கண்ணால் பார்த்தது என்ன, பக்கத்தில் யார் இருந்தாங்க. பெயரடை எதுவும் வேண்டாம். 'திமிரா பேசினார்'னு எழுதாதீங்க, அவர் பேசின வார்த்தையை அப்படியே எழுதுங்க. அன்றைக்கே எழுதுங்க. அவருக்குத் தமிழ்தான் தெரியும்னா தமிழில் எழுதுங்க, இந்திதான் தெரியும்னா இந்தியில். பதில் சொல்ல ஓரிரு நாளாவது கொடுங்க. அப்புறம் அந்தப் பதிலைப் படிங்க. சிரிக்காதீங்க, பதில் வர்றதுக்கு முன்னாலேயே அடுத்த ஆர்டர் டைப் ஆகியிருக்கிற ஃபைல்களை நான் பார்த்திருக்கேன்.

பார்த்திருக்கேன்னு சொன்னா போதாது. செய்திருக்கேன்.

1993. கோவையில் ஒரு நூல் மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்பின்னிங்கில் ஒரு மூத்த சைடர், நைட் ஷிஃப்டில் விடியற்காலை மூன்றரை மணிக்கு பாபின் பெட்டிகளுக்குப் பின்னால் தூங்கிட்டு இருந்தார். பார்த்தவங்க இருந்தாங்க. அவரும் இல்லைன்னு சொல்லலை. ஒரு எச்சரிக்கையோடு முடிய வேண்டிய விஷயம். ஆனால் மேனேஜருக்கு அவர் மேல் வேற கோபம் இருந்தது, கேன்டீன் விவகாரத்தில் எல்லோருக்கும் முன்னால் எதிர்த்துப் பேசினார்னு. ஃபைலை வாங்கிப் பார்த்தார். பதினெட்டு வருஷ சர்வீஸ், ஒரு மெமோ இல்லை. "என்னய்யா ஃபைல் காலியா இருக்கு? போன ஆறு மாசத்துத் தேதி போட்டு மூணு மெமோ அடிச்சு வை" என்றார்.

அடிச்சு வைத்தேன். கார்பன் காப்பியோடு. அவர் கையெழுத்து இருக்காதே, அதனால ஒவ்வொன்றின் அடியிலும் 'வாங்க மறுத்தார்' என்று எழுதி ரெண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கினோம். அதில் ஒன்று என்னுடையது.

அவரை சஸ்பெண்ட் செய்து நாலு மாசம் ஆச்சு. உள்விசாரணைக்கு வெளியில் இருந்து ஒரு வக்கீல் என்கொயரி ஆபீசரா வந்தார். நான்தான் மூணு மெமோவையும் தேதியோடு வாசித்தேன். ரெண்டாவது மெமோ தேதியை வாசித்ததும் அந்தப் பெரியவர் சட்டைப் பையில் இருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. அந்தத் தேதியில் அவர் குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில் இருந்திருக்கார். மில்லுக்கே வராதவர் மில்லில் வைத்து மெமோ வாங்க மறுத்தார்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவர் லீவு விவரம் பக்கத்து அறையில் டைம் ஆபீஸ் ரிஜிஸ்தரில் இருந்தது. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை.

என்கொயரி ஆபீசர் அவரைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தார். தூங்கினதுங்கிற உண்மையான குற்றச்சாட்டும் அந்தப் பொய்களோடு சேர்ந்து போச்சு. அடுத்த வாரமே நிர்வாகம் சமாதானமாப் பேசி அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டது. மேனேஜருக்கு ஒன்றும் ஆகலை. எனக்கும் ஒன்றும் ஆகலை.

அவர் திரும்ப வேலைக்கு வந்த அன்றைக்கு ஜாயினிங் லெட்டரில் கையெழுத்து வாங்க நான்தான் போனேன். போட்டுட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "தூங்குனது தப்புதானுங்க தம்பி," என்றார். "அதை மட்டும் எழுதியிருந்தீங்கன்னா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பனுங்க."

அடுத்த எபிசோடில், நேயர்கள் பலர் கேட்டபடி, மாதிரி நிலையாணையில் இருக்கிற அந்த ஒழுங்கீனப் பட்டியலை வரி வரியாப் படிப்போம். உங்க கம்பெனி வாசலில் பலகை இருந்தால் அதுக்குள்ள ஒரு தடவை படிச்சுட்டு வாங்க.